பொம்பா வரும்வரை யார்? சிறுநகரத் தன்னார்வத் தீயணைப்புப் படைகளும் நம்மவர்களும்

தோட்டப்புறத் தீ விபத்துச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும்: "தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் வீடு முற்றாக எரிந்துவிட்டது." ஊரின் பெயர் மாறும். எரிந்த வீடுகளின் எண்ணிக்கை மாறும். மறுநாள் அரிசியும் போர்வையும் கொடுக்க வரும் பிரமுகரின் பெயரும் மாறும். அந்த வாக்கியம் மட்டும் மாறுவதில்லை.

படித்ததும் கோபம் பொம்பா மீது பாய்கிறது. கூப்பிட்டு எவ்வளவு நேரம், ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்கிறோம். ஆனால் தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறொரு உண்மை தெரிகிறது. நிலையம் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும் 20 நிமிடம் ஆகும். அதற்கு முன் யாராவது நெருப்பைப் பார்த்து, 999 எண்ணை அழைத்து, இடத்தைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டும். தோட்டத்துச் செம்மண் சாலையில் நுழைந்த பிறகு 60 என்ற வேகத்தை மறந்துவிடலாம்.

நெருப்பு அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. அமெரிக்காவின் யூஎல் ஆய்வுக்கூடம் இரண்டு வரவேற்பறைகளை அமைத்து எரித்துப் பார்த்தது. ஒன்றில் மரம், பருத்தி போன்ற பழைய காலச் சாமான்கள். இன்னொன்றில் இன்று எல்லார் வீட்டிலும் இருக்கும் ஸ்பாஞ்சு மெத்தை சோபா, பிளாஸ்டிக், செயற்கை இழைத் திரைச்சீலை. பழைய அறை முழுவதும் ஒரே நெருப்பாக மாற 29 நிமிடத்துக்கு மேல் பிடித்தது. புதிய அறைக்கு நான்கு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. மரச்சுவரும் எல்லா வீட்டுக்கும் பொதுவான தகரக் கூரையும் உள்ள லயத்தில் ஒரு வீட்டில் பிடித்த தீ, கூரைக்கு அடியிலேயே ஓடி அடுத்த வீட்டுக்கு இறங்கும். 20 நிமிடத்தில் வரும் வண்டி, எவ்வளவு திறமையான ஆட்கள் வந்தாலும், அந்த வீட்டை அல்ல, அதற்கும் அப்பால் உள்ளதைத்தான் காப்பாற்ற முடியும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. பொம்பா வரும்வரை அங்கே யார் இருந்தார்கள்? அவர்கள் கையில் என்ன இருந்தது?

மலேசியாவின் பல சிறுநகரங்களில் இதற்கு ஒரு பதில் உண்டு. தன்னார்வத் தீயணைப்புப் படை, மலாயில் 'பாசுக்கான் பொம்பா சுக்காரேலா'. கடைவீதியின் ஓரத்தில் ஒரு சின்னக் கொட்டகை, உள்ளே ஒரு பழைய வண்டி அல்லது இழுத்துச் செல்லும் பம்பு, சுவரில் தொங்கும் தலைக்கவசங்கள், வெளியே நன்கொடையாளர் பெயர்ப் பலகை. பகலில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். உறுப்பினர்கள் மளிகைக் கடையிலும் பட்டறையிலும் தொழிற்சாலையிலும் வேலையில் இருப்பார்கள். வாக்கி டாக்கியிலோ வாட்சாப் குழுவிலோ செய்தி வந்ததும் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். சம்பளம் கிடையாது.

இந்தப் படைகளின் அவசியத்தைப் புரிந்துகொள்ள கிள்ளான் துறைமுகத்துக்கு எதிரே உள்ள கெத்தாம் தீவைப் பார்த்தால் போதும். கடலுக்கு மேல் கால்நட்டு நிற்கும் பலகை வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டியவை. பாதைகள் சைக்கிளுக்கு மட்டுமே. பெரிய தீயணைப்பு வண்டி அங்கே போகவே முடியாது. கரையிலிருந்து ஆள் வர வேண்டுமென்றால் படகில்தான் வர வேண்டும். அங்கே தீயணைப்பு என்றால் முதலில் தீவுக்காரர்களேதான். தன்னார்வப் படை அந்த ஊரின் வாழ்க்கையில் ஓர் அங்கம்.

உண்மையில் நாட்டின் தீயணைப்புச் சேவையே தன்னார்வலர்களிடமிருந்துதான் தொடங்கியது. 1881 ஜனவரியில் கோலாலம்பூர் பெருந்தீயில் அழிந்தது. அப்போது அது அத்தாப்புக் கூரையும் மரச்சுவருமாக இருந்த ஈயச் சுரங்க ஊர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1883இல், பெல்லமி என்பவர் தலைமையில் 15 பேர் கொண்ட தன்னார்வப் படை சிலாங்கூரில் அமைக்கப்பட்டது. இன்றைய தீயணைப்பு, மீட்புத் துறை தன் வரலாற்றை அங்கிருந்துதான் எண்ணுகிறது. மறுபக்கம், ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹம் இனி செங்கலும் ஓடும் கொண்டுதான் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார். அந்தச் செங்கலுக்காகச் சூளைகள் எழுந்த இடம்தான் பிரிக்ஃபீல்ட்ஸ். இன்று தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போகும் அந்தத் தெருக்களின் பெயரில் ஒரு தீ விபத்தின் நினைவு ஒட்டிக்கொண்டிருப்பது பலருக்குத் தெரியாது.

இரண்டாவது அலை அவசர காலத்தில் வந்தது. 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் ஏறக்குறைய 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், காட்டோரத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டுப் புதுக்கிராமங்களில் வைக்கப்பட்டார்கள். முள்வேலிக்குள் நெருக்கமாகக் கட்டிய பலகை வீடுகள், விறகடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு. இரவில் ஊரடங்கு வேறு. அங்கே தீ பிடித்தால் வெளியிலிருந்து யாரையும் எதிர்பார்க்க முடியாது. இன்று நாட்டில் உள்ள தன்னார்வப் படைகளில் கணிசமானவை இத்தகைய சீனக் கம்பங்களையும் அவற்றின் கடைவீதிகளையும் ஒட்டி வளர்ந்தவை. சங்கங்களும் கோயில்களும் விருந்து வைத்து, நன்கொடை திரட்டி, வண்டி வாங்கிக் கொடுத்தன. தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையாகத் தலைக்கவசம் அணியும் குடும்பங்கள் இந்த வட்டாரங்களில் அபூர்வமல்ல.

அதே அவசர காலத்தில் தோட்டத் தொழிலாளர்களும் வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டார்கள். ஆனால் அவர்களுக்குத் தனியாக ஒரு படை தேவைப்படவில்லை. தோட்டமே ஒரு படையாக இருந்தது. பெரட்டு மணியைத் தொடர்ந்து அடித்தால் ஏதோ ஆபத்து என்று எல்லா லயத்துக்கும் தெரியும். ஸ்தோரிலும் புகைக்கூடத்திலும் சிவப்பு வாளிகளில் மணலும் தண்ணீரும் இருக்கும். ரப்பர் ஷீட் உலரும் புகைக்கூடம் எப்போது வேண்டுமானாலும் பற்றிக்கொள்ளும் என்பதால் நிர்வாகம் அதில் கவனமாக இருந்தது. தொழிலாளி வீட்டைவிட ஷீட்டின் மீது அக்கறை அதிகம் என்று அந்தக் காலத்தவர்கள் கசப்போடு சொல்வதிலும் நியாயம் உண்டு. எப்படியிருந்தாலும் பம்பு இருந்தது, லோரி இருந்தது, அதை ஓட்டும் ஆள் அடுத்த லயத்தில் இருந்தார், எல்லாவற்றுக்கும் மேலாகக் கூப்பிட்டதும் ஓடி வர இருநூறு பேர் இருந்தார்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புத் திட்டமாகி, நம்மவர்கள் நகரோரத் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தபோது வேலையையும் வீட்டையும் இழந்தது பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அந்த மணியை இழந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. புது இடத்தில் மூன்று வீடு தள்ளி இருப்பவர் யார் என்றே தெரியாது. கோயில் வந்தது, தேவாரப் பள்ளி வந்தது, காற்பந்துக் குழு வந்தது, ஈமச்சடங்குச் சங்கம்கூட வந்தது. தீக்கும் வெள்ளத்துக்கும் என்று ஓர் ஏற்பாடு வரவில்லை. பக்கத்திலுள்ள பழைய சிறுநகரில் ஒரு தன்னார்வப் படை இருந்தாலும் அது 'அவர்களுடையது' என்ற எண்ணம் இருந்தது. அவர்களும் வலிய வந்து அழைத்ததாகச் சொல்ல முடியாது. சில படைகளில் இந்திய உறுப்பினர்கள் நீண்ட நாட்களாகவே இருக்கிறார்கள். ஆனாலும் ஒரு சமூகமாக நாம் அந்தக் கொட்டகைக்குள் போனதில்லை.

இதன் விலை என்ன என்பதை 2021 டிசம்பர் 18இல் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா காட்டியது. வெள்ளம் முதல் மாடியைத் தொட்டபோது அரசுப் படகுகளுக்காகக் கூரையில் காத்திருந்தவர்கள் பலர். முதலில் வந்தவர்கள் சொந்தப் படகும் காயாக்கும் வைத்திருந்த சாதாரண மனிதர்கள். குருத்துவாராவில் இரவு பகலாகச் சமைத்தார்கள். உதவும் மனம் நம் மக்களிடமும் குறைவாக இல்லை. உணவுப் பொட்டலங்கள் மலைபோல் குவிந்தன. ஆனால் கயிறு எங்கே இருக்கிறது, மிதவைச் சட்டை யாரிடம் இருக்கிறது, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்த ஒரு குழு ஒவ்வொரு தெருவிலும் இருந்திருந்தால் அந்த இரவு வேறு மாதிரி போயிருக்கும்.

தன்னார்வப் படை என்றதும் எரியும் வீட்டுக்குள் பாய்ந்து குழந்தையைத் தூக்கி வரும் காட்சிதான் மனத்தில் வருகிறது. அன்றாட வேலை அப்படியல்ல. மெயின் சுவிட்சை அடைப்பது. கேஸ் தோம்பைப் பாதுகாப்பாக அகற்ற முடியுமா என்று பார்ப்பது. வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று ஆட்களை எண்ணுவது. அடுத்த வீட்டுச் சுவரை நனைத்துக்கொண்டே இருப்பது. சாலையில் குறுக்கே நிற்கும் கார்களை நகர்த்தி, வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை ஒதுக்கி, பெரிய வண்டிக்கு வழி செய்து வைப்பது. தண்ணீர் எங்கே என்று காட்டுவது.

இந்தக் கடைசி விஷயம் சாதாரணமாகத் தோன்றும். ஒரு குழாய் நிமிடத்துக்கு 400 லிட்டர் பீய்ச்சினால், 2000 லிட்டர் தொட்டி ஐந்தே நிமிடத்தில் காலியாகிவிடும். அதற்குள் ஹைட்ரண்டையோ குளத்தையோ ஆற்றையோ கண்டுபிடித்தாக வேண்டும். தாமான் ஹைட்ரண்டுகளின் பித்தளை மூடியைப் பழைய இரும்புக்காரனிடம் விற்பதற்காகத் திருடுகிறார்கள். அதன்மீதே காரை நிறுத்துகிறார்கள், புல் மூடிப்போகிறது. எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பது அங்கேயே குடியிருப்பவருக்குத்தான் தெரியும். மாதம் ஒருமுறை திறந்து பார்க்கும் படை இருக்கும் ஊருக்கும் இல்லாத ஊருக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஐந்தாவது நிமிடத்தில் வெளிப்படும்.

தீயோடு நேரடித் தொடர்பில்லாத வேலைகளும் உண்டு. பாம்பு பிடிப்பது, குளவிக் கூட்டை அகற்றுவது, நெடுஞ்சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதலுதவி செய்வது, விழுந்த மரத்தை வெட்டுவது. பல சிறுநகரங்களில் படைக்கு வரும் அழைப்புகளில் தீயைவிட இவைதான் அதிகமாக இருக்கும். வீடு வீடாகச் சென்று ஜன்னல் கம்பிகளைப் பார்த்துவிட்டுச் சாவி எங்கே என்று கேட்பதும் ஒரு வேலைதான். திருடனுக்குப் பயந்து வீடு முழுக்கக் கிரில் போட்டு, பூட்டுப் போட்டு, சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தூங்குவது நம் தாமான்களின் பழக்கம். 2017 செப்டம்பரில் கோலாலம்பூர் டத்தோ கிராமாட் சமயப் பள்ளித் தீயில் 23 பேர், பெரும்பாலும் சிறுவர்கள், உயிரிழந்தபோது கம்பி பதித்த ஜன்னல்கள் வழியாக அவர்கள் வெளியேற முடியவில்லை. நாடே அழுதது. கிரில் சாவிகள் இன்னும் அலமாரிக்குள்தான் இருக்கின்றன.

நம்மவர்கள் இதில் சேர வேண்டும் என்று சொல்வதற்குச் சேவை மனப்பான்மை மட்டும் காரணமல்ல. இந்தப் படைகளுக்குத் தேவைப்படும் கைத்திறன்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. தீயணைப்பு வண்டியை ஓட்டக் கனரக வாகன உரிமம் வேண்டும். தன்னார்வப் படைகளில் எப்போதும் தட்டுப்பாடு இருப்பது ஓட்டுநருக்குத்தான், அதுவும் பகல் நேரத்தில். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர்கள், இரவு வேலை முடித்துப் பகலில் வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொரு தாமானிலும் இருக்கிறார்கள். செம்பனை ஆலையிலும் தொழிற்சாலையிலும் அவசரகாலக் குழுவில் பயிற்சி பெற்ற நம் பிள்ளைகள் ஏராளம். தீயணைப்புக் கருவியைப் பிடிக்கத் தெரிந்தவர்கள், மூச்சுக் கருவி அணிந்து பழகியவர்கள். அந்தப் பயிற்சி தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடுகிறது. வயர்மேன், வெல்டர், பம்பு மெக்கானிக், தாதி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். சான்றிதழ் இல்லை, பட்டம் இல்லை என்று ஒதுக்கப்படும் இளைஞன் ஊர் முழுக்க மதிக்கும் ஓர் இடத்தில் நிற்க இதைவிட எளிய வழி வேறில்லை. பெண்களும் சேரலாம், பகலில் தாமானில் இருப்பவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான்.

ஆனால் ஆர்வம் மட்டும் போதாது என்பதற்குக் கொடுமையான சாட்சி இருக்கிறது. 2018 அக்டோபர் 3ஆம் தேதி பூச்சோங் தாமான் புத்ரா பெர்டானாவில் பழைய ஈயக் குட்டையில் விழுந்த சிறுவனைத் தேடச் சென்ற தீயணைப்பு வீரர்கள் ஆறு பேர் நீர்ச்சுழலில் சிக்கி மாண்டார்கள். அவர்கள் முழுநேர வீரர்கள், முறையான பயிற்சி பெற்றவர்கள், கருவி அணிந்திருந்தவர்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால், வார இறுதியில் இரண்டு மணி நேரம் பயிற்சி எடுத்தவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்ற எல்லை தெளிவாக இருக்க வேண்டும். நல்ல படைகள் அந்த எல்லையை எழுதியே வைத்திருக்கும். மூச்சுக் கருவிப் பயிற்சி இல்லாதவர் புகைக்குள் போகக்கூடாது. பொம்பா அதிகாரி வந்ததும் கட்டளை அவருடையது. படம் எடுத்து முகநூலில் போடுவது எல்லாம் முடிந்த பிறகுதான். எரியும் வீட்டின் முன் நின்று யார் முதலில் வந்தது என்று இரண்டு குழுக்கள் போட்டி போடும் காட்சியும் அங்கங்கே நடக்கிறது, அது வெட்கக்கேடு.

சேர நினைப்பவர் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. படை தீயணைப்பு, மீட்புத் துறையின் அங்கீகாரம் பெற்றதா? பயிற்சியை யார் கொடுக்கிறார்கள், எத்தனை மணி நேரம்? காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது? உயிருக்கே ஆபத்து நேர்ந்தால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? தலைக்கவசமும் காலணியும் எந்த ஆண்டு வாங்கியவை? கேட்பதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. ஒழுங்காக நடத்தப்படும் படை ஒழுங்காகப் பதில் சொல்லும். காப்புறுதி பற்றி மழுப்பினால் அங்கே பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

அரசின் பங்கும் இருக்கிறது. 1976இல் தீபகற்பத்தின் தீயணைப்புச் சேவையை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 1988ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டம் வந்தது. 1997இல் துறையின் பெயரில் 'மீட்பு' சேர்ந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் முழுநேரச் சேவை வலுப்பெற்றது, அது நல்லதே. 2025 ஏப்ரல் 1ஆம் தேதி புத்ரா ஹைட்சில் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீ வானளாவ எழுந்ததுபோன்ற நிகழ்வில் தன்னார்வலர் தீயருகே செய்வதற்கு எதுவுமில்லை. அதற்கு அரசு இயந்திரம்தான் வேண்டும். ஆனால் நாட்டில் எல்லா ஊருக்கும் ஒரு நிலையம் கட்ட எந்த அரசாலும் முடியாது. அந்த இடைவெளியை நிரப்பும் தன்னார்வப் படைக்கு மானியம் அவ்வப்போது வருவதும், மீதியை விருந்து வைத்தும் உண்டியல் குலுக்கியும் திரட்டச் சொல்வதும் நியாயமான ஏற்பாடு அல்ல. குழாய்க்கும் காப்புறுதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்டத்தில் நிலையான தொகை இருக்க வேண்டும். நன்கொடையாளர் பலகையில் பெயர் போட ஆசைப்படும் அரசியல்வாதியின் தயவில் அது இருக்கக்கூடாது.

வயது இன்னொரு கவலை. ஜப்பானில் ஊருக்கு ஊர் தன்னார்வத் தீயணைப்புக் குழுக்கள் உண்டு. 1950களில் 20 லட்சத்தை ஒட்டியிருந்த உறுப்பினர் எண்ணிக்கை இப்போது 8 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். நம் சிறுநகரங்களிலும் அதே கதை. பிள்ளைகள் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சிங்கப்பூரிலும் வேலையில் இருக்கிறார்கள். புதுக்கிராமப் படைகளில் தலை நரைத்தவர்கள்தான் கண்ணில் படுகிறார்கள். கதவு முன்பைவிட இப்போது அகலமாகத் திறந்திருக்கிறது என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூர் வேறு வழியில் போகிறது. அங்கே குடிமைத் தற்காப்புப் படை 'மைரெஸ்பாண்டர்' என்ற கைப்பேசிச் செயலி மூலம், 400 மீட்டர் சுற்றளவுக்குள் யாருக்காவது இதயத்துடிப்பு நின்றுவிட்டால் பயிற்சி பெற்ற குடிமக்களுக்குத் தகவல் அனுப்புகிறது. குப்பைத் தொட்டித் தீ போன்ற சிறிய தீச்சம்பவங்களுக்கும் அது உண்டு. அடுக்குமாடிகள் நிறைந்த ஒரு சிறு தீவுக்கு அது பொருந்துகிறது. கைப்பேசி அலைவரிசையே சரியாகக் கிடைக்காத தோட்டத்துக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. அங்கே இன்னமும் ஆட்களும் பம்பும் வேண்டும்.

தோட்டத்தில் இன்னும் குடியிருப்பவர்களுக்குச் செய்து வைக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்குப் படைகூடத் தேவையில்லை. லயங்களுக்குச் சாலைப் பெயர் கிடையாது, வீட்டு எண் வெளியாட்களுக்குப் புரியாது. 999இல் பேசும்போது "கோயில் பக்கம்" என்று சொன்னால் நிலையத்தில் இருப்பவருக்கு எந்தக் கோயில் என்று தெரியாது. தோட்டத்தின் பெயர், பிரிவு, முதன்மைச் சாலையிலிருந்து எந்தக் கிலோமீட்டர் கல்லில் திரும்ப வேண்டும், இவற்றை மலாயில் எழுதி ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒட்டி வைக்கலாம். இரவில் தோட்ட வாசலின் தடுப்புக் கட்டையைத் திறக்கும் சாவி காவலரைத் தவிர இன்னும் ஒருவரிடம் இருக்க வேண்டும். நிர்வாகத்தோடு பேசி இதை முடிக்கலாம். பிறகு அந்த மரப்பாலம். செம்பனைக் குலை ஏற்றிய லோரி போகிறது என்பதற்காகத் தண்ணீர் நிரம்பிய தீயணைப்பு வண்டியையும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பகலில் ஒருநாள் பக்கத்து நிலையத்தாரையோ தன்னார்வப் படையினரையோ அழைத்து, வண்டியோடு லயம்வரை வந்து பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு தேநீர் வைத்து அழைத்தால் வருவார்கள். பாலம் தாங்காது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டால், மாற்று வழி எது, பம்பை எந்த ஓடையில் இறக்குவது என்று பேசி முடித்துவிடலாம்.